செஸோன் பீர்: சுவைப்பதும் ஒப்பிடுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நண்பர்கள் நாலு பேர் மாதத்துக்கு ஒருமுறை கூடி, இரண்டு மூன்று செஸோன் பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்ப்பது எங்களுக்குப் பல வருடப் பழக்கம். புதிதாக வந்து உட்காருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இருப்பது வட பிரான்சில். எல்லை தாண்டினால் பெல்ஜியம், இந்த பீரின் சொந்த ஊர்கள். அதனால் என் உதாரணங்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்துப் பாட்டில்களாகத்தான் இருக்கும்.

செஸோன் என்றால் என்ன?

பிரெஞ்சில் 'செஸோன்' என்றால் பருவம். பெல்ஜியத்தின் தெற்குப் பாதியான வலோனியாவில், முக்கியமாக எனோ மாகாணத்தில் வளர்ந்த பீர் வகை இது. வெளிர் பொன்னிறம், கிளாஸை விட்டு இறங்க மறுக்கும் நுரை, மிளகும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை, நல்ல கசப்பு, கடைசியில் துளி இனிப்பும் மிஞ்சாமல் காய்ந்து போகும் வாய். இவ்வளவும் சேர்ந்தால் செஸோன். ஆல்கஹால் பெரும்பாலும் 5 முதல் 7 சதவீதம் இருக்கும். 3.5 சதவீதத்தில் இலேசாகச் செய்கிறவர்களும் உண்டு, 9 சதவீதத்தைத் தாண்டுகிறவர்களும் உண்டு. கருநிறத்திலும் சில வருகின்றன.

அறுவடைக் கூலியாட்களுக்காகக் காய்ச்சிய பீர் என்கிறார்களே, உண்மையா?

எல்லாரும் சொல்லும் கதை இது: குளிர்காலத்தில் பண்ணையில் வேலை குறைவு, அப்போது பீர் காய்ச்சி வைத்துவிடுவார்கள். கோடையில் பருவ வேலைக்கு வரும் ஆட்களுக்கு அதைக் கொடுப்பார்கள். இதில் ஒரு பகுதிக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சினால் கிருமி புகுந்து பீர் கெட்டுவிடும். அதனால் குளிர் மாதங்களில் காய்ச்சிக் கோடைக்கு எடுத்து வைப்பதுதான் வழி. பல மாதம் தாங்க வேண்டும் என்பதால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும், கெடாமலும் காக்கும் பூ) கூடுதலாகப் போட்டார்கள், சர்க்கரையை முழுக்கப் புளிக்க விட்டார்கள்.

ஆனால் இது பண்ணைக்கு மட்டும் சொந்தமான பீர் என்று சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் லியேஜ் போன்ற நகரத்திலும் செஸோன் என்ற பெயரில் பீர் காய்ச்சி விற்றிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பண்ணை பீர் இன்று பாட்டிலில் வருவதைவிட ஆல்கஹால் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெயிலில் நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு 6.5 சதவீத பீரைக் கொடுத்தால் அறுவடை நடக்காது.

ஒப்பிடும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

முடிவை. நிறம், நுரை, முதல் வாசனை எல்லாம் அப்புறம்.

ஒரு வாய் குடித்து விழுங்கிவிட்டுப் பத்து விநாடி பேசாமல் இருங்கள். நாக்கில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். உதட்டில் பிசுபிசுப்பாக, தேன் தடவியதுபோல ஓர் இனிப்பு நிற்கிறதா? இல்லை, நாக்கைத் துணியால் துடைத்தாற்போல ஆகி, கசப்பு மட்டும் மெல்லிசாக நின்று, கை தானாக அடுத்த வாய்க்குப் போகிறதா? இரண்டாவது நடந்தால் அது நல்ல செஸோன். முதல் வாசனையில் மயக்கி, முடிவில் இனிப்பாக வந்து நின்றுவிடும் பாட்டில்கள் கடையில் ஏராளம். இரண்டு பாட்டில்களை ஒப்பிடும்போது எந்த அம்சத்தில் சண்டை வந்தாலும் நான் கடைசியில் இதற்குத்தான் திரும்பி வருவேன். இந்த பீரின் உயிர் அதன் வறட்சியில் இருக்கிறது.

அந்த வறட்சி எங்கிருந்து வருகிறது?

ஈஸ்டிலிருந்து. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, வெந்நீரில் ஊறவைக்கும்போது சர்க்கரையோடு டெக்ஸ்ட்ரின் என்ற நீளமான மாவுச்சத்துச் சங்கிலிகளும் கரைந்து வருகின்றன. சாதாரண பீர் ஈஸ்டால் அவற்றைத் தின்ன முடியாது. அவை அப்படியே மிஞ்சி பீருக்குக் கனத்தைக் கொடுக்கும். செஸோனுக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட்களில் பல 'டயஸ்டாட்டிகஸ்' என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இருக்கும் எஸ்டிஏ1 என்ற மரபணு, குளுக்கோஅமைலேஸ் என்ற நொதியை வெளியே சுரக்க வைக்கிறது. அது டெக்ஸ்ட்ரினைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்கித் தர, ஈஸ்ட் அதையும் தின்று தீர்க்கிறது. ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) கணக்கில் சாதாரண பீரில் சர்க்கரை நாலில் மூன்று பங்கு அல்லது கொஞ்சம் கூடத் தீரும். செஸோனில் 85 முதல் 95 சதவீதம் வரை தீர்ந்துவிடுகிறது.

வெப்பமும் முக்கியம். ஏல் என்ற மேல்புளிப்பு வகை பீர்களைப் பொதுவாக 20 டிகிரியை ஒட்டிப் புளிக்க வைப்பார்கள். செஸோன் ஈஸ்ட் 25, 30 டிகிரியிலும் சந்தோஷமாக வேலை செய்யும். வேறு ஈஸ்டை அந்தச் சூட்டில் விட்டால் நெயில்பாலிஷ் வாசனையும் தலைவலியும்தான் மிஞ்சும். பெல்ஜியத்தில் டுப்போன் என்ற ப்ரூவரி (பீர் காய்ச்சும் ஆலை) இருக்கிறது; அதன் ஈஸ்ட் 30 டிகிரியைத் தாண்டினாலும் தாங்கும். அதே வம்சத்து ஈஸ்டை வாங்கி வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு பழக்கமான தொல்லை உண்டு: பாதி வழியில், அடர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்து) 1.035 பக்கம் வந்ததும் புளிப்பது நின்றுவிடும். பயந்துபோய் வேறு ஈஸ்ட் போடாமல், சூட்டை ஏற்றிப் பொறுமையாக இருந்தால் மறுபடி கிளம்பும்.

குடித்தவுடன் 'காரமா இருக்கு' என்று தோன்றுகிறது. அது என்ன காரம்?

தமிழ் பேசுகிற எல்லாரும் கேட்கும் கேள்வி இது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். நாம் 'காரம்' என்ற ஒரே சொல்லில் மூன்று தனித்தனி விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். ஒப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அவற்றைப் பிரிக்க வேண்டும்.

முதலாவது கேஸின் சுருக். செஸோனில் வாயு அதிகம். கடைகளில் அதிகம் கிடைக்கும் சாதாரண லாகர் பீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும், இதில் மூன்றுக்கு மேல். பட்டவுடன் நாக்கு நுனியில் ஊசி குத்தும், இரண்டு மூன்று விநாடியில் மறைந்துவிடும்.

இரண்டாவது மிளகு. இது நாக்கில் படும் எரிச்சல் கிடையாது, வாசனை. விழுங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடும்போதுதான் தெளிவாகத் தெரியும். புதிதாகப் பொடித்த வெள்ளை மிளகு, சில பாட்டில்களில் கிராம்பு.

மூன்றாவது ஆல்கஹாலின் கதகதப்பு. தொண்டையைத் தாண்டி நெஞ்சில் இறங்கும்போது தெரிவது. 6.5 சதவீத செஸோனில் இது இலேசாக இருக்க வேண்டும். தொண்டையை எரித்தால் புளிக்க வைத்த விதத்தில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி: கிளாஸில் கொஞ்சம் மட்டும் ஊற்றி, கையால் மேலே மூடிக்கொண்டு, அரை நிமிடம் நன்றாகச் சுழற்றுங்கள். கேஸ் முக்கால்வாசி போய்விடும். இப்போது குடித்தால் சுருக் இருக்காது. மிளகு வாசனை இருந்தால் அது ஈஸ்டின் வேலை. எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன் வருடக்கணக்காக ஒரு பாட்டிலை 'மிளகு தூக்கல்' என்று சொல்லி வந்தார். சுழற்றிக் கொடுத்தபோது மிளகைக் காணோம், அவ்வளவும் கேஸ். அதற்குப் பிறகு அவர் எந்த பாட்டிலைத் திறந்தாலும் முதல் வேலையாகக் கொஞ்சம் சுழற்றி வைத்துக்கொள்கிறார்.

வறட்சியும் துவர்ப்பும் ஒன்றுதானே?

வேறு. துவர்ப்பு என்பது வாழைப்பூவிலும் பச்சை மாவடுவிலும் வருவது, கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடிப்பது. வறட்சி என்பது இனிப்பு இல்லாத நிலை மட்டுமே. வாயை இழுத்துப் பிடிக்கும் செஸோன் கிடைத்தால் மால்ட்டின் உமியிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமாக இறங்கியிருக்கலாம். அதை நான் குறையாகவே எடுத்துக்கொள்வேன்.

மிளகு, கிராம்பு எல்லாம் உள்ளே போடுகிறார்களா?

பெரும்பாலும் போடுவதில்லை. பார்லியிலும் கோதுமையிலும் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. இந்த ஈஸ்ட் அதை 4-வினைல் குவாயகோல் என்ற பொருளாக மாற்றுகிறது. கிராம்பு வாசனை அதிலிருந்து வருவது. அதோடு ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற பழவாசனைப் பொருள்கள் சேரும்போது பழமும் மசாலாவும் கலந்த மணம் கிடைக்கிறது.

போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் பிப்பே ஊரில் நீராவி எஞ்சினுக்குப் பேர் போன வப்பேர் ப்ரூவரி, தன் செஸோனில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ சேர்க்கிறது. அமெரிக்காவில் ஓமெகாங் செய்யும் ஹென்னெப்பினில் இஞ்சி, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் இருக்கின்றன. பெல்ஜியத்தில் சோய் என்ற சிற்றூரில் 1988இல் தொடங்கிய ஃபாந்தோம் ப்ரூவரியின் பாட்டிலில் எந்தத் தடவை என்ன மூலிகை என்று யூகிப்பதே ஒரு விளையாட்டு. இவை ஒவ்வொன்றுக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் ஈஸ்டின் வாசனையை முதலில் தனியாகத் தெரிந்துகொண்டு பிறகு இவற்றுக்குப் போவது நல்லது.

முதலில் எந்த பாட்டிலில் தொடங்குவது?

செஸோன் டுப்போன், 6.5 சதவீதம். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

இதைச் செய்யும் ப்ரூவரி தூர்ப் என்ற கிராமத்தில் பண்ணையோடு சேர்ந்து 1844 முதல் இயங்கி வருகிறது. 1920இல் அல்ஃப்ரெட் டுப்போன் என்பவர் இதை வாங்கினார். கனடாவுக்குப் போய் விவசாயம் பார்க்க நினைத்த மகனை ஊரிலேயே நிறுத்தி வைக்க வாங்கினார் என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் இவர்களுடைய வியாபாரத்தில் பெரும்பங்கு பில்ஸ்னர் என்ற லாகர்தான், செஸோன் சிறு பங்கு. 1980களில் அது அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிய பிறகுதான் உலகம் முழுக்க இந்த வகைக்கே இலக்கணமாகிப் போனது. இன்றும் கொப்பரைக்கு நேரடியாகத் தீ வைத்துத்தான் காய்ச்சுகிறார்கள். பாட்டிலில் அடைத்த பிறகு சூடான அறையில் படுக்க வைத்து ஆறு முதல் எட்டு வாரம் மறுபடி புளிக்க விடுகிறார்கள்.

அந்த பாட்டிலைத் திறப்பதைக் கொஞ்சம் மெதுவாகச் செய்து பாருங்கள். 750 மில்லி பாட்டிலில் கார்க்கும் அதன்மேல் கம்பிக் கூடும் இருக்கும். கம்பியைத் தளர்த்தி, கட்டை விரலால் கார்க்கைப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைத் திருப்ப வேண்டும். கார்க் மேலே எழும்பும்போது 'டப்' என்று வெடிக்க விடாமல் பெருமூச்சு மாதிரி வெளிவிட்டால் பீர் வீணாகாது. சாய்த்த கிளாஸில் இரண்டு விரல் உயரம் ஊற்றியதுமே நுரை விளிம்புக்கு ஏறிவிடும். நிறுத்துங்கள். அது இறங்கும் வரை காத்திருங்கள். நுரை இறங்கும்போது மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக, மெரிங் (முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்யும் இனிப்பு) மாதிரி நிற்கும். குடிக்கக் குடிக்க கிளாஸின் உட்புறத்தில் லேஸ் துணி போல ஒட்டிக்கொண்டே இறங்கும். மூக்கைக் கொண்டு போனால் முதலில் வருவது எலுமிச்சைத் தோல். பின்னாலேயே காய்ந்த வைக்கோல், அப்புறம் மிளகு. ரொட்டி மணம் மிக அடியில் இருக்கும்.

அதோடு எவற்றை வைத்து ஒப்பிடலாம்?

என் முதல் சிபாரிசு அதே ப்ரூவரியின் முவானெத் பிளோந்த், 8.5 சதவீதம். ஒரே வீடு, ஒரே ஈஸ்ட், ஒரே தண்ணீர். ஆல்கஹால் கூடும்போது என்ன நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லித் தராது. பழவாசனை ஏறுகிறது, உடல் கனக்கிறது, கசப்பு பின்னால் போகிறது, ஆனாலும் முடிவு காய்ந்தேதான் இருக்கிறது. 5.5 சதவீதத்தில் இயற்கை விவசாய பார்லியில் செய்யும் செஸோனும் அவர்களிடம் உண்டு. மூன்றையும் 5.5, 6.5, 8.5 என்று வரிசையாக வைத்தால் ஒரு மாலைக்கு அது போதும்.

இரண்டாவது, தானியத்துக்காக ஒரு ஒப்பீடு. பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் ப்ளோஜி ப்ரூவரி ஸ்பெல்ட் என்ற பழங்காலக் கோதுமையைச் சேர்த்து 'செஸோன் தெபோத்ர்' என்று ஒன்று செய்கிறது. 6 சதவீதம். டுப்போன் பக்கத்தில் வைத்தால் இது கொஞ்சம் கலங்கலாக இருக்கும், வாயில் முரட்டுத்தனமாக, தவிட்டு ரொட்டி மாதிரி ஒரு சுவை, ஓரத்தில் எலுமிச்சைப் புளிப்பு. பண்ணை பீர் என்ற சொல்லுக்குப் பொருத்தமாக எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டுப்போனைவிட இதுதான்.

மூன்றாவது, ஹாப்ஸுக்காக. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் புல்லவார்ட் செய்யும் டேங்க் 7, 8.5 சதவீதம். மூக்கை நீட்டினால் பம்ப்ளிமாஸ் உரித்த வாசனை. நாரத்தங்காய் ஊறுகாயில் வரும் தோல் கசப்பை நினைவுபடுத்தும் ஒரு முடிவு. முவானெத்தும் இதுவும் ஆல்கஹாலில் சமம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெல்ஜியக் கையும் அமெரிக்கக் கையும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கலாம். டேங்க் 7 நடு வாயில் இனிப்பாகத் தெரியும். அது கடைசியில் இறங்கிவிடுகிறதா, நிற்கிறதா என்பதில் எங்கள் கூட்டத்தில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. புரூக்ளின் ப்ரூவரியின் சொராச்சி ஏஸ் கிடைத்தால் விடாதீர்கள். ஜப்பானில் உருவான அந்த ஹாப்ஸ் எலுமிச்சைப்புல் வாசனை தருவது.

பெல்ஜியத்தில் சில்லி என்ற ஊரில் செய்யும் செஸோனை முதல் வரிசையில் சேர்க்க வேண்டாம். பழுப்பு நிறம், மால்ட் இனிப்பு, வேறு குணம். தனியாகக் குடிக்க நன்றாகவே இருக்கும்.

ஒரே தடவையில் எத்தனை பாட்டில்களை ஒப்பிடலாம்?

மூன்று. நாலாவதிலிருந்து நாக்கு பொய் சொல்ல ஆரம்பிக்கும். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 100 மில்லி போதும்.

கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 6.5 சதவீதத்தில் 750 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 49 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீதத்தில் 330 மில்லி பாட்டில் மூன்று குடிப்பதற்குச் சமம். காய்ந்த முடிவு உள்ள பீர் என்பதால் எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காரை விட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

வரிசை எப்படி?

ஆல்கஹால் குறைந்ததிலிருந்து கூடியதற்கு. புளிப்பும் காட்டு ஈஸ்டும் உள்ளவை எப்போதும் கடைசியில். நடுவில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும்.

பெயரை மறைத்துச் சுவைப்பது அவசியமா?

விளையாட்டாகக் குடிக்கும்போது தேவையில்லை. 'இது அதைவிட நல்லது' என்று தீர்ப்புச் சொல்ல விரும்பினால் அவசியம். ஒருமுறை ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்று டுப்போன் என்றும் மற்றது வேறு ஊர் செஸோன் என்றும் சொல்லிக் கொடுத்தோம். மூன்று பேரில் இரண்டு பேர் வித்தியாசத்தை விலாவாரியாக விளக்கினார்கள். அவர்களுக்கு நல்ல நாக்குதான். பெயர் காதில் விழுந்தால் நாக்கு அதற்கு ஏற்றபடி தேட ஆரம்பித்துவிடும்.

நாங்கள் செய்யும் முறை மூன்று கிளாஸ் சோதனை. ஒரே மாதிரியான மூன்று கிளாஸ்கள், அடியில் குறி ஒட்டியவை. இரண்டில் ஒரு பீர், ஒன்றில் வேறு பீர். ஊற்றுகிறவர் அந்தச் சுற்றில் சுவைக்கக் கூடாது. எது தனியானது என்று கண்டுபிடித்துவிட்டு, பிறகுதான் எது பிடித்தது என்று பேச வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால், ஒருமுறை கண்டுபிடித்ததை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நாலைந்து சுற்று தொடர்ந்து சரியாக வந்தால் வித்தியாசம் உண்மையில் தெரிகிறது என்று நம்பலாம். நிறத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடுமானால் விளக்கைக் குறைத்துவிடுங்கள், அல்லது எஃகு டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும்? எந்த கிளாஸ்?

7 முதல் 12 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் மிளகும் வைக்கோலும் வெளியே வராது, கசப்பும் கேஸும் மட்டும் தெரியும். வெளியே எடுத்து 15, 20 நிமிடம் விடுங்கள். ஒப்பிடும் பாட்டில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வர வேண்டும். இதில் பலர் தவறிவிடுகிறார்கள்: முதல் பாட்டில் 5 டிகிரியில், மூன்றாவது 14 டிகிரியில் இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது வெப்பநிலையைத்தான்.

டியூலிப் கிளாஸ் நல்லது. இல்லையென்றால் ஒயின் கிளாஸ். சோப்பு வாசனையோ எண்ணெய்ப் பசையோ இருக்கவே கூடாது, நுரை உடனே செத்துவிடும்.

அடியில் தங்கும் வண்டலைக் குடிக்கலாமா?

குடிக்கலாம், அது ஈஸ்ட். ஒப்பிடும்போது முதல் கிளாஸைத் தெளிவாக ஊற்றுங்கள். கடைசியில் அடி பீரைச் சுழற்றித் தனியாக ஊற்றிப் பாருங்கள். கனமாக, ரொட்டி மாவு போல இருக்கும். ஒருவருக்குத் தெளிந்தது, இன்னொருவருக்குக் கலங்கியது என்று கொடுத்துவிட்டு விவாதித்தால் பேச்சு முடியாது.

பச்சை பாட்டிலில் ஒரு நாற்றம் வருகிறதே?

வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து, கந்தகம் உள்ள ஒரு சேர்மம் உண்டாகிறது. மிக மிகச் சிறிய அளவே மூக்குக்குப் போதும். பொசுங்கிய ரப்பரும் நசுக்கிய பூண்டும் சேர்ந்தாற்போல இருக்கும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை தடுக்காது. டுப்போனின் பெரிய பாட்டில் பச்சை என்பதால் கடையில் அலமாரியின் பின்வரிசையிலிருந்தோ பெட்டிக்குள்ளிருந்தோ எடுங்கள். அந்த நாற்றம் செஸோனின் குணம் என்று நம்பிக்கொண்டிருக்கும் நல்ல ரசிகர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வெளிச்சம் படாத பாட்டிலைத் திறந்து கொடுத்தால் புரிந்துகொள்வார்கள்.

கோதுமை பீரிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

ஜெர்மன் கோதுமை பீரிலும் அதே கிராம்பு வாசனை உண்டு, ஆனால் வாழைப்பழ மணமும் மென்மையான இனிப்பும் கூடவே வரும், கசப்பு குறைவு. ஹூகார்டன் போன்ற பெல்ஜிய வெள்ளை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டிருக்கும், வாயில் பால் மாதிரி வழுவழுப்பு. செஸோன் இரண்டையும்விடக் கசப்பு, இரண்டையும்விட வறட்சி. எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர்களில் செய்யும் 'பியர் டி கார்ட்' செஸோனின் பங்காளி என்று சொல்வார்கள். அதுவும் எடுத்து வைத்துக் குடிக்கும் பீர்தான், ஆனால் குளிரில் முதிர வைப்பதால் ஈஸ்ட் வாசனை அடங்கி மால்ட் மேலே வருகிறது. ஜான்லான் என்ற பியர் டி கார்டைக் குடித்துப் பார்த்தால் தெரியும்.

புளிப்பாக இருந்தால் கெட்டுப்போனதா?

லேபிளைப் படியுங்கள். அமெரிக்காவில் ஜாலி பம்ப்கின், ஜெஸ்டர் கிங் போன்றவர்கள் காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்த்து, மரப்பீப்பாயில் வைத்துப் புளிக்க விடுகிறார்கள். அங்கே புளிப்பு வேண்டுமென்றே வருவது. பிரெட்டானோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் இருந்தால் மாட்டுத் தொழுவம், பழைய தோல், சில நேரம் அன்னாசி வாசனை வரும். மாட்டுத் தொழுவம் என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு: மழை ஓய்ந்த காலையில் வைக்கோலும் சாணமும் கலந்து வரும் வாசனையை நினைத்துப் பாருங்கள், அதில் அருவருப்பு எதுவும் இல்லை. ஆனால் அப்படி எதுவும் எழுதாத பாட்டிலில் வினிகர் வாசனை வந்தால் கெட்டுப்போனதுதான்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

இருட்டில், குளிர்ந்த இடத்தில், நிமிர்த்தி வைத்தால் டுப்போன் ஒரு வருடம் நன்றாகத் தாங்கும். எலுமிச்சைத் தோல் முதலில் குறையும், தேன் வாசனை ஏறும். புதியதும் ஒரு வருடம் வைத்ததுமாக ஒரே பீரை ஒப்பிடுவது மிக நல்ல பயிற்சி. ஹாப்ஸ் தூக்கலானவற்றை வைக்காதீர்கள்.

கூடச் சாப்பிட என்ன நல்லது?

ஒப்பிடும்போது எதுவும் வேண்டாம். முடிந்த பிறகு வறுத்த கோழி, சிப்பி, ஆட்டுப்பால் சீஸ். வீட்டுச் சமையலில் மிளகு மீன் வறுவல் அருமையாகச் சேரும், கேஸ் எண்ணெய்ப் பசையை வாரிக்கொண்டு போகும். வற்றல் மிளகாய் தூக்கலான குழம்போடு வேண்டாம். கேஸும் ஆல்கஹாலும் மிளகாய் எரிச்சலை இன்னும் கூட்டும்.

மதிப்பெண் போடலாமா?

நான் போடுவதில்லை. ஒவ்வொரு பீருக்கும் மூன்று வரி எழுதுவேன்: மூக்கில் முதலில் வந்தது, நடு வாயில் இருந்தது, பத்து விநாடி கழித்து மிஞ்சியது. 'நன்று', 'சுமார்' என்ற சொற்களுக்குத் தடை. நாரத்தை, வைக்கோல், பொரிகடலை, ஈர மண் என்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்களில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எண் எதையும் நினைவுபடுத்தாது, 'நாரத்தைத் தோல்' நினைவுபடுத்தும்.

பாட்டிலில் மிஞ்சியதை என்ன செய்வது?

இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சாயங்காலம் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். கேஸ் முக்கால்வாசி போயிருக்கும், சுருக் இருக்காது, நுரை இருக்காது. முந்தின நாள் அவை மறைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும். முடிவு அப்போதும் சுத்தமாகக் காய்ந்திருந்தால் நல்ல பீர் வாங்கியிருக்கிறீர்கள். இனிப்பு எட்டிப் பார்த்தால், நோட்டில் நாலாவது வரியாக அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.